ரோட் ஹில் வீட்டின் சலவைக் கணக்கு

ஆங்கிலேயப் பண்ணை மாளிகை, உள்ளே ஒரு கொலை, லண்டனிலிருந்து வந்து இறங்கும் துப்பறிவாளர். இந்த வகைக் கதைகளை விரும்பிப் படிப்பவர்கள் ரோட் ஹில் வீட்டு வழக்கைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். கதைகளில் கடைசி அத்தியாயத்தில் துப்பறிவாளர் குற்றவாளியைச் சுட்டிக்காட்டுவார், எல்லாரும் வாயடைத்துப் போவார்கள். நிஜத்திலோ, சரியாகக் கண்டுபிடித்த மனிதரைத்தான் எல்லாரும் சேர்ந்து விரட்டினார்கள்.

1860 ஜூன் 29 இரவு. வில்ட்ஷயர், சாமர்செட் மாவட்டங்களின் எல்லையில் ரோட் என்ற கிராமம். அங்கே சாமுவேல் கென்ட் குடும்பத்தோடு வசித்துவந்தார். அரசாங்கத்தின் தொழிற்சாலைத் துணை ஆய்வாளர். மில்களில் சிறுபிள்ளைகளைச் சட்டத்துக்கு மீறி வேலை வாங்குகிறார்களா என்று பார்ப்பது அவர் உத்தியோகம். அதனாலேயே ஊரில் அவரைப் பலருக்குப் பிடிக்காது. அன்றிரவு வீட்டில் 12 பேர். விடிந்தபோது நாலு வயதுகூட நிரம்பாத அவர் மகன் சேவில் கட்டிலில் இல்லை. உள்போர்வை மட்டும் உருவப்பட்டிருந்தது. மேல்விரிப்பை யாரோ பொறுமையாக நீவி, சரிசெய்து விட்டுப் போயிருந்தார்கள். கூடத்து ஜன்னல் திறந்து கிடந்தது. தேடிப் போன ஊர்க்காரர்கள் இருவர், தோட்டத்துப் புதர்களுக்கு நடுவே இருந்த கக்கூஸ் குழியில் பிள்ளையின் உடலைக் கண்டெடுத்தார்கள். கழுத்து அறுபட்டிருந்தது. மார்பிலும் குத்து.

உள்ளூர் போலீஸ் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. கொலை தெரியவந்த அன்றே சமையலறைப் பக்கத்துக் கொதிகலன் அடுப்புக்குள் ரத்தக்கறை படிந்த பெண்கள் உள்ளாடை ஒன்று அவர்கள் கையில் கிடைத்தது. வேலைக்காரப் பெண் யாருடைய மாதவிலக்குத் துணியாகவோ இருக்கும் என்று கூச்சப்பட்டார்கள். அது பிறகு காணாமலே போனது. அன்றிரவு காவலுக்கு இருந்த இரண்டு போலீஸ்காரர்களைச் சமையலறையில் வைத்து வீட்டுக்காரரே தாழ்ப்பாள் போட்டுவிட்டார்! துணி விஷயத்தை லண்டன் போலீஸ் தலைமையகமான ஸ்காட்லாந்து யார்டிலிருந்து வந்தவரிடம் மூச்சுவிடவில்லை. மாதக்கணக்கில் மறைத்துவைத்தார்கள்.

அப்படி வந்தவர் ஜோனதன் விச்சர். தோட்டக்காரரின் மகன். 1842-இல் லண்டன் போலீஸ் முதன்முதலாகத் துப்பறியும் பிரிவு தொடங்கியபோது சேர்த்த எட்டுப் பேரில் ஒருவர். கொலை நடந்து இரண்டு வாரம் கழித்து வந்தும், அந்த வீட்டின் அமைப்பையே அவர் சாட்சியாகப் படித்தார். மூத்த தாரம் இறந்தபின் கென்ட் மணந்துகொண்டது, வீட்டோடு தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியையை. இளைய தாரமும் சேவில் உள்ளிட்ட அவள் பிள்ளைகளும் முதல் மாடியில். மூத்த தாரத்துப் பிள்ளைகள் அதற்கும் மேலே, வேலைக்காரர்கள் படுக்கும் மாடியில். அவர்களில் கான்ஸ்டன்ஸுக்கு 16 வயது. நாலு வருஷத்துக்கு முன் அவள் தன் தம்பி வில்லியமைக் கூட்டிக்கொண்டு வீட்டைவிட்டு ஓடியிருக்கிறாள். கூந்தலை வெட்டி, ஆண்பிள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பியவள், வெட்டிய கூந்தலையும் கழற்றிய கவுனையும் போட்டது அதே கக்கூஸில். விச்சருக்கு அது போதுமான பொறி.

ஆனால் வழக்கின் உயிர்நாடி சலவைக் கணக்கில்தான் இருந்தது. கான்ஸ்டன்ஸிடம் மூன்று இரவு அங்கிகள் உண்டு. இருந்தவை இரண்டு. மூன்றாவது சலவைக்காரம்மாவிடம் தொலைந்தது என்றார்கள். துணி எண்ணிக் கூடையில் போட்ட வேலைக்காரி சாரா காக்ஸிடம் விச்சர் பொறுமையாகக் கேட்டார். கொலை நடந்த பின் வந்த திங்கட்கிழமை துணியைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தபோது கான்ஸ்டன்ஸ் வந்து, தன் பர்ஸ் உள்ளே கிடக்கிறதா பார் என்றாள், அப்புறம் குடிக்கத் தண்ணீர் கேட்டாள் என்று காக்ஸ் சொன்னாள். தண்ணீர் எடுத்துவர ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். கணக்கில் ஏறிய நல்ல அங்கியை அந்த ஒரு நிமிஷத்தில் உருவிவிட்டால் பழி சலவைக்காரம்மா மேல் விழும், ரத்தம் பட்ட அங்கியை யாரும் தேட மாட்டார்கள் என்பது விச்சரின் ஊகம். எனக்குத் தெரிந்த துப்பறியும் கதைகள் எதிலும் இவ்வளவு கூர்மையான ஊகம் இல்லை. ஒரு வேலைக்காரியின் நினைவை மதித்துக் கேட்டதால் கிடைத்தது இது.

அதுதான் அவருக்கு வினையாக முடிந்தது. கண்ணியமான வீட்டுப் பெண்ணின் உள்ளாடைகளை எண்ணுவதற்கு இவன் யார் என்று பத்திரிகைகள் கொதித்தன. நாடாளுமன்றத்திலும் கண்டனம். வெறும் அங்கி ஒன்றை வைத்துக்கொண்டு பெண்பிள்ளையின் வாழ்வைக் கெடுக்கிறார் என்று அவள் வக்கீல் சாடினார். கைதாகியிருந்த கான்ஸ்டன்ஸ் ஜூலை 27 அன்று வெளியே வந்தாள். பிறகு பிடித்தது யாரை? ஆயா எலிசபெத் காஃபை. விடியற்காலை ஐந்து மணிக்குக் கட்டில் காலியாக இருந்ததைக் கண்டு, தாய் தூக்கிப்போயிருப்பாள் என்று அவள் நினைத்துவிட்டாளாம், அதுவே சந்தேகத்துக்குக் காரணம். இரண்டு முறை கைது, இரண்டு முறை விடுதலை. அவளும் எஜமானரும் சேர்ந்தே செய்தார்கள் என்று நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ்கூட நம்பினார். ஏழைப் பெண்ணின் நடத்தையைப் பற்றி என்ன வேண்டுமானாலும் பேசலாம், பெரிய வீட்டுப் பெண்ணின் சலவைத் துணியைப் பற்றி மட்டும் கேட்கக்கூடாது. விச்சர் 1864-இல் ஓய்வுபெற்றார், மனம் உடைந்துபோய்.

1865 ஏப்ரலில் கான்ஸ்டன்ஸ் தானாகவே லண்டன் போ ஸ்ட்ரீட் நீதிமன்றத்துக்கு வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டாள். மரண தண்டனை ஆயுள் தண்டனையானது. 20 ஆண்டு சிறை, பிறகு ஆஸ்திரேலியாவில் வேறு பெயரில் நர்ஸ் வேலை. 1944-இல் இறந்தபோது வயது 100. விச்சர் சொன்னது சரிதான் என்று இப்போது எல்லாருக்கும் தெரிந்தது. போன பெயரும் பதவியும் போனதுதான்.

1868-இல் வில்கி காலின்ஸ் எழுதிய ‘தி மூன்ஸ்டோன்’ நாவலில் இந்த வழக்கின் சாயல் பளிச்சென்று தெரியும். ஸ்ரீரங்கப்பட்டினத்தில் திப்புவின் கோட்டை விழுந்தபோது கொள்ளைபோன வைரம் ஒன்று, ஆங்கிலேய மாளிகையில் மறுபடி களவுபோகிறது. அங்கும் ஒரு இரவு அங்கி, அங்கும் சலவைக் கணக்கு. ஆனால் அங்கியில் இருப்பது ரத்தமல்ல, பெயின்ட். கொல்லப்படுகிற குழந்தையும் இல்லை. மாளிகை மர்மக் கதை வாசகருக்குச் சுகமான பொழுதுபோக்காக மாறியது இந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம்.

கான்ஸ்டன்ஸ் தனியாகத்தான் செய்தாளா என்ற கேள்வி எனக்கு இன்னும் தீரவில்லை. வில்லியமுக்கும் பங்கு இருக்கலாம் என்று விச்சர் சந்தேகப்பட்டார். அப்பாவின் சவரக்கத்தியால் செய்தேன் என்றாள் அவள். மார்பில் இருந்ததோ கூர்முனைக் கத்தியின் குத்து என்றார் உடலைப் பார்த்த டாக்டர். தூங்கும் பிள்ளையைத் தூக்கி, விரிப்பை நீவி, மாடி இறங்கி, கனமான ஜன்னலைத் திறந்து, ஒருத்தியே எல்லாம் செய்தாள் என்பதை நம்பக் கஷ்டமாக இருக்கிறது. தம்பியைக் காப்பாற்றத்தான் முழுப் பழியையும் தலையில் போட்டுக்கொண்டாள் என்று நினைக்கிறேன். அவன் பின்னாளில் ஆஸ்திரேலியாவின் பவளப்பாறைகளை ஆராய்ந்து பேர்பெற்ற விஞ்ஞானி. அவனை யாரும் நீதிமன்றத்தில் குற்றவாளியாக நிறுத்தவே இல்லை.