கல்வி வரி இங்கே, பிள்ளைகள் அங்கே

போன வாரம் சென்னை மாநகராட்சிக்குச் சொத்து வரி கட்டினேன். 1998க்குப் பிறகு 2022ல்தான் ஏற்றினார்கள், ஏற்றியதும் நாமெல்லாம் எவ்வளவு புலம்பினோம்! அதில் கல்வி வரி என்று ஒரு பங்கு இருப்பது மட்டும் பலருக்குத் தெரியாது. மாநகராட்சிப் பள்ளிகளுக்கான காசு அது.

அந்தக் காசு எங்கே போகிறது? கூவத்தை ஒட்டி நான் படித்த பள்ளியை எட்டிப் பார்த்தேன். புது பெயின்ட், டைல்ஸ், ஸ்மார்ட் போர்டு. மூன்றாம் வகுப்பில் பதினோரு பிள்ளைகள். மற்ற பிள்ளைகள் எங்கே என்று கேட்டால், டீச்சர் தெற்கே கை காட்டுகிறார். 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைக் குடிசைகளைக் காலி செய்து 20 கிலோமீட்டருக்கு அப்பால் பெரும்பாக்கத்தில் எட்டு மாடி வீடுகளில் ஏற்றிவிட்டார்களே, அங்கே.

பெரும்பாக்கம் மாநகராட்சியிலேயே இல்லை, அது ஊராட்சி. ஆக, நகரத்தின் பிள்ளைகளை எல்லைக்கு வெளியே அனுப்பிவிட்டு அவர்கள் பேரில் வாங்கும் வரியை இங்கேயே வைத்துக்கொண்டோம். அங்கே பள்ளி கட்டவில்லை என்று சொல்லவில்லை, ஆனால் ஆயிரக்கணக்கான குடும்பங்களை முதலில் இறக்கிவிட்டு அப்புறம் வகுப்பறையைத் தேடினோம். அதுவும் பல குடும்பங்களை நடுக் கல்வியாண்டில்!

28 மாநகராட்சிப் பள்ளிகளைப் பிரெஞ்சு வளர்ச்சி முகமையின் கடனில் புதுப்பித்தார்கள். நல்ல வேலை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் பழுது பார்க்கும் பணம் கட்டடம் நிற்கும் இடத்துக்குத்தான் போகும், பிள்ளை பின்னாலேயே போகாது. குடிசையை எடுக்கும்போது கைரேகை வரை வாங்கிக் கணக்கெடுக்கிறார்களே, அதே தாளில் எத்தனை பிள்ளை, எந்த வகுப்பு என்று இரண்டு கட்டம் போட்டு, அதற்கான வகுப்பறைச் செலவையும் அந்தத் திட்டத்திலேயே சேர்த்தால் என்ன? லிப்டுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் சேர்க்கிறோம் இல்லையா?

அப்போ இங்கே காலியான பள்ளியை மூடிடலாமே என்று கமெண்டில் வரப்போகும் அண்ணன்களே, வேண்டாம். மவுன்ட் ரோடு பக்கத்தில் காலி இடம் என்றால் எத்தனை பேருக்கு நாக்கில் எச்சில் ஊறும் என்று எனக்கும் தெரியும். அந்தப் பதினோரு பேரில் நாலு பேர் அபார்ட்மென்ட் வாட்ச்மேன் வீட்டுப் பிள்ளைகள், மூன்று பேர் வீட்டில் இந்தி பேசுகிறவர்கள். அவர்களுக்கு வேறு பள்ளி எது?

எங்கள் தெருவில் பூ விற்கும் அக்காவின் மகள் இன்னமும் பெரும்பாக்கத்திலிருந்து இங்கே வந்துதான் படிக்கிறாள். ஐந்தரை மணி பஸ். டிபன் பாக்ஸை பஸ்ஸிலேயே திறந்துவிடுவாளாம், மத்தியானத்துக்குப் பள்ளிச் சாப்பாடு இருக்கிறதே என்று.