விசிலைக் கையில் கொடுத்தால் அம்பயர் ஆகிவிடுவாளா?

ஞாயிற்றுக்கிழமை பள்ளித் திடல் ஹாக்கி ஆட்டத்தில், புதிதாக அம்பயராக நின்ற பெண் செல்லாத ஒரு கோலைக் கொடுத்த வீடியோவை ஆளாளுக்குப் பகிர்ந்தாச்சு. அந்தப் பெண் அழுததையும் விடவில்லை. நன்றாக இருங்கள்.

ஆமாம், அந்த கோல் செல்லாது. பெனால்டி கார்னரில், அதாவது தற்காக்கும் அணியின் தவறுக்காக எதிரணிக்குக் கோல் அருகே கிடைக்கும் வாய்ப்பில், முதல் ஷாட் ஸ்டிக்கை வீசி அடித்த ஹிட்டாக இருந்தால், கோல் கோட்டைத் தாண்டும்போது பந்து கோலின் அடிப்பலகை உயரமான 460 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. ஸ்டிக்கால் தள்ளித் தூக்கிவிடும் ஃப்ளிக் என்றால், ஆபத்தில்லாத வரை மேலேயும் போகலாம். ஹிட்டா ஃப்ளிக்கா என்று கண்ணிமைக்கும் நேரத்தில் பார்க்கணும். ஹாக்கியில் இரண்டே அம்பயர். தன் பாதியில் கோல் உண்டா இல்லையா என்பது அவள் ஒருத்தியின் முடிவு. பெரிய ஆட்டங்களிலேயே முடிவை வீடியோவில் பார்த்துச் சரிபார்க்க ரெஃபரல் வைத்திருக்கிறார்கள். பள்ளித் திடலில் அவளுக்கு என்ன இருந்தது?

பக்கத்தில் ஒரு சீனியர்கூட இல்லை. என் கோபம் அதுதான். மூன்று பேர் கூடாரத்தில் மைலோ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் புதிதாக ஊதிய காலத்தில் ஒரு பெரியவர் வேலியோரமே நடந்து வருவார். முடிவு சரியா தப்பா என்று பேசவே மாட்டார். "ஏம்பா அங்க நின்ன? அங்கேருந்து அவன் ஸ்டிக் உனக்குத் தெரிஞ்சுதா?" அவ்வளவுதான். அடுத்த கார்னருக்கு என் கால் தானாக இரண்டடி நகரும். கற்றுக்கொடுப்பது என்றால் இதுதான். கோர்ஸில் உட்கார வைத்து, சட்டப் புத்தகம் கொடுத்து அனுப்புவது இல்லை.

"அவள் பழகுவதற்கு எங்கள் பிள்ளைகளா பலி?" என்று ஒரு தகப்பனார் எழுதியிருந்தார். நியாயமான வலி. அதனால்தான் சொல்கிறேன், கூட ஒருவர் நிற்கணும். "தைரியம் இல்லாதவள் ஏன் வந்தாள்?" என்றவருக்குப் பதில் சொல்ல எனக்கு மனசில்லை.

1975 உலகக் கோப்பை கோலாலம்பூரில் நடந்ததையும், அரையிறுதியில் நம் மலேசியா இந்தியாவிடம் 3-2-இல் தோற்றதையும் இன்றைக்கும் வாய் வலிக்கப் பேசுகிறோம். ஊதுவதற்குப் பிள்ளைகள் வருகிறார்களா என்று எவராவது கேட்டதுண்டா? கொடுக்கிற அலவன்ஸ் பெட்ரோலுக்கும் டோலுக்கும் சரியாகிவிடும். அதற்கும் வந்தாள். நம் வீட்டுப் பெண். அவளைத்தான் "வீட்டுக்குப் போ" என்று தமிழிலேயே கத்தினீர்கள்.

சீனியர்களே, சனிக்கிழமை ஆட்டத்துக்கு வேலியோரம் நிற்க யார் வருகிறீர்கள்? கமெண்டில் பெயர் போடுங்கள். முடியாதென்றால், அந்த வீடியோவையாவது எடுத்துவிடுங்கள்.