வெறும் டிவி கேட்டால் ஏன் கிடைப்பதில்லை?

போன வாரம் அம்மா ஏழு மணிச் செய்தி பார்க்க உட்கார்ந்தார். டிவியை ஆன் செய்தால் செய்தி வரவில்லை. "மென்பொருள் புதுப்பிக்கப்படுகிறது, டிவியை அணைக்க வேண்டாம்" என்று ஒரு வரி வந்து நின்றது. அது முடிந்ததும் பக்கம் பக்கமாக விதிமுறைகள். ரிமோட்டின் அம்புக்குறியை அழுத்தி அழுத்திக் கீழே போய் "ஒப்புக்கொள்கிறேன்" என்று சொன்ன பிறகுதான் முகப்புத் திரைக்கே விட்டது. அதிலும் பாதி இடம் விளம்பரம். ஒருவழியாகச் சேனல் வந்தபோது வானிலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"எனக்குத்தான் இதெல்லாம் ஓட்டத் தெரியல" என்றார் அம்மா, கூச்சப்பட்டுக்கொண்டே. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஐம்பது வருடமாக ஒரு வீட்டை நடத்தியவர், ஒரு டிவி தன்னைத் தோற்கடித்துவிட்டதாக நினைத்து வெட்கப்படுகிறார். தப்பு அவருடையதா?

அன்றைக்கு ராத்திரியே தேட ஆரம்பித்தேன். எனக்கு வேண்டியது ஒரு நல்ல பெரிய திரை. தெளிவான ஒலி. செட்டாப் பாக்ஸ் மாதிரியானதைச் செருக நாலு ஹெச்டிஎம்ஐ துளை. ரிமோட்டில் பத்து பட்டன். ஆன் செய்தால் கடைசியாகப் பார்த்த சேனல் வர வேண்டும், அவ்வளவுதான். செயலி வேண்டாம், குரல் உதவியாளர் வேண்டாம், எனக்குப் பிடிக்கும் என்று அது நினைப்பதைப் பரிந்துரைக்கவும் வேண்டாம். தேடத் தேட வந்ததெல்லாம் ஸ்மார்ட் டிவிதான். ஸ்மார்ட் இல்லாமல் கிடைப்பது பெரும்பாலும் சின்னத் திரை, அதுவும் மங்கலான படத்தோடு. நல்ல பெரிய திரை தனியாக வேண்டுமென்றால் விளம்பரப் பலகையாக மாட்டுவதற்குச் செய்வதை வாங்க வேண்டும். அது நாளுக்கு 16 மணி நேரம், 24 மணி நேரம் ஓடுவதற்காகச் செய்தது, அதற்கேற்ற விலை. பலவற்றில் ஸ்பீக்கர் கூட இருக்காது.

"இணையத்தோடு இணைக்காமல் விட்டுவிடு" என்று எல்லாரும் சொல்கிறார்கள். செய்து பார்த்துவிட்டேன். இணைக்காவிட்டாலும் அதே முகப்புத் திரைதான் முதலில் வருகிறது, அதே மந்தம்தான். போதாததற்கு, இணையம் இல்லை, இணையம் இல்லை என்று அது தொணதொணப்பது வேறு.

ஏன் இப்படி என்று படித்துப் பார்த்தபோது கோபம் இன்னும் ஏறியது. 2017-ல் அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் விசியோ என்ற டிவி நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. வீட்டில் யார் என்ன பார்க்கிறார்கள் என்பதை 1.1 கோடி டிவிகள் வழியாக, பார்ப்பவர்களின் சம்மதம் இல்லாமலே சேகரித்தார்கள் என்பது குற்றச்சாட்டு. 22 லட்சம் டாலர் கட்டி முடித்துக்கொண்டார்கள். அதன்பின் அந்தத் தொழிலையே விட்டுவிட்டார்களா என்றால், இல்லை. 2021-க்குள் அதே நிறுவனத்துக்கு டிவி விற்று வந்த லாபத்தைவிட விளம்பரத்திலும் பார்வையாளர் தகவலிலும் வந்த லாபம் அதிகமாகிவிட்டது. கணக்கு புரிகிறதா? வெறும் திரையை விற்றால் ஒரு தடவை காசு. ஸ்மார்ட் டிவியை விற்றால் அது நம் சுவரில் தொங்குகிறவரைக்கும் காசு. நான் கேட்கும் டிவியைச் செய்ய முடியாமல் இல்லை. செய்தால் அவர்களுக்கு நட்டம், அதனால் செய்வதில்லை.

போன் கதையும் இதேதான். ஒரு கையில் பிடித்தால் கட்டைவிரல் நாலு மூலையையும் தொட வேண்டும், சட்டைப் பையில் அடங்க வேண்டும். இதைக் கேட்டால் ஏதோ கூடாததைக் கேட்டதுபோலப் பார்க்கிறார்கள். ஆப்பிள் 2020-லும் 2021-லும் 5.4 அங்குலத் திரையோடு மினி மாடல்களை விட்டது, 2022-ல் புது மினி எதையும் விடவில்லை. ஆசுஸின் சென்ஃபோன் 10, 5.9 அங்குலத்தில் 2023-ல் வந்தது. அதற்கடுத்த மாடல் 6.78 அங்குலம்! சின்னப் போன் பெரிய போன் அளவுக்கு விற்கவில்லை என்கிறார்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குறைவாக விற்பதும் யாருக்குமே வேண்டாம் என்பதும் ஒன்றா? எட்டாம் எண் செருப்பு அதிகம் விற்கிறது என்பதற்காக ஐந்தாம் எண் கால்காரர்களை வெறுங்காலோடு நடக்கச் சொல்வார்களா? சின்னக் கை உள்ளவர்கள், மூட்டு வலி உள்ளவர்கள் எல்லாம் இரண்டு கையாலும் ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதுதானா?

போன் பேட்டரி இன்னொரு தொல்லை. என் பழைய போனில் எல்லாமே நன்றாக இருக்கிறது; பேட்டரி மட்டும் மத்தியானத்துக்கு மேல் நிற்பதில்லை. மாற்றக் கொண்டுபோனால், பசையைச் சூடாக்கித்தான் திறக்க வேண்டும், திறக்கும்போது திரை உடைந்தால் நாங்கள் பொறுப்பில்லை என்கிறார்கள். பின்மூடியை நகத்தால் நெம்பிக் கழற்றி, புதுப் பேட்டரி போட்டு, மறுபடி மூடிய காலத்தில் நானும் வாழ்ந்திருக்கிறேன். தண்ணீர் புகாமல் இருக்கத்தான் ஒட்டுகிறோம் என்று சமாதானம் சொல்கிறார்கள். 2014-ல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்5-இல் பின்மூடியும் கழன்றது, ஐபி67 அளவுக்கு, அதாவது ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம், தண்ணீரையும் தாங்கியது. பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அப்போது முடிந்தது இப்போது எப்படி முடியாமல் போகும்? பயனரே பேட்டரியைக் கழற்றி மாற்றும்படி சாதனங்கள் இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டமே போட்டுவிட்டது, 2027 பிப்ரவரி 18 முதல் நடைமுறைக்கு. அதிலும் விலக்குகள் வைத்திருக்கிறார்கள். ஒரு மூடியைக் கழற்றச் சட்டசபை வரைக்கும் போக வேண்டியிருக்கிறது.

எல்இடி பல்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பல வருடம் உழைக்கும் என்று அட்டையில் எழுதியிருக்கும், பாதி ஆயுளுக்குள் கண்ணடிக்க ஆரம்பித்துவிடும். பெரும்பாலும் போவது அந்த எல்இடி இல்லை. அடிப்பகுதிக்குள் அடைத்து வைத்த மின்சுற்று சூட்டில் வெந்து போகிறது. எல்இடிகளைக் கூட்டி, ஒவ்வொன்றுக்கும் போகும் மின்சாரத்தைக் குறைத்தால் சூடும் குறையும், ஆயுளும் கூடும். இது கற்பனை இல்லை. பிலிப்ஸ் நிறுவனம் துபாய் மாநகராட்சியோடு சேர்ந்து 2016-ல் அப்படி ஒரு பல்பைக் கொண்டுவந்தது, ஒரு வாட்டுக்கு 200 லூமென் வெளிச்சம். துபாய்க்கு வெளியே இருப்பவர்கள் அதை வாங்க முடியாது என்ற நிலைதான் பல வருடம் இருந்தது. ஒரு நகரத்துக்குச் செய்து கொடுக்க முடிந்ததை மற்றவர்களுக்குக் கொடுக்க ஏன் அத்தனை வருடம்?

நான் பறக்கும் காரா கேட்டேன்? எவனோ எப்போதோ செய்து காட்டியதைத்தான் கேட்கிறேன். கூடுதலாக எதுவும் வேண்டாம், இருப்பதில் கொஞ்சம் எடுத்துவிட்டுக் கொடுங்கள் என்கிறேன். காசும் கையில் வைத்திருக்கிறேன்.

அம்மாவுக்காக ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி டிவிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தேன்: "வீடு படம் போட்ட பட்டன் ஒரு தடவை, வலது அம்பு மூன்று தடவை, அப்புறம் ஓகே." நாலு நாள் அவரே போட்டுப் பார்த்தார். நேற்று மறுபடியும் அப்டேட். மூன்றாவது இடத்தில் இப்போது ஏதோ ஒரு புதுச் செயலியின் விளம்பரம் இருக்கிறது, சேனல் ஐந்தாவது இடத்துக்குப் போய்விட்டது. நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா டிவியை அணைத்துவிட்டு, அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.