200 ஓகே வந்தாலே கதவு திறந்துவிட்டதா?
நெட்வொர்க் வழியாக இயங்கும் வாசல் அழைப்புக் கருவியான ஐபி இன்டர்காமில் கதவு திறக்கும் கட்டளைக்கு '200 ஓகே' பதில் வந்தால் பூட்டு திறந்துவிட்டது என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார், பலரும் ஆமோதித்திருக்கிறார்கள். அப்படி இல்லைங்க. இந்த அழைப்புகளுக்குப் பயன்படும் சிப் (SIP) நெறிமுறையில், அழைப்பின் நடுவே கட்டளையைக் கொண்டுபோகும் இன்ஃபோ (INFO) செய்திக்கு வரும் 200 ஓகே, செய்தி வந்து சேர்ந்தது என்பதற்கான ஒப்புகை மட்டும்தான். ஆர்எஃப்சி 6086 என்ற இணையத் தரநிலை ஆவணத்தில் (2011) பார்க்கலாம். பூட்டு இருப்பது ரிலேக்கு (பூட்டுக்குப் போகும் மின்சாரத்தை இணைக்கும், துண்டிக்கும் சுவிட்ச்) அப்பால். கதவில் சென்சார் இல்லையென்றால், திறந்ததா என்பது இன்டர்காமுக்கே தெரியாது.

நீங்களே சோதிக்கலாம்: ரிலேயிலிருந்து பூட்டுக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிட்டு, நெட்வொர்க்கில் போகும் செய்திகளைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளை ஓடவிட்டு, திறக்கும் பட்டனை அழுத்துங்கள். 200 ஓகே வழக்கம்போல வரும், கதவு அசையாது. காந்தப் பூட்டில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், மின்சாரம் நின்றாலே அது திறந்துகொள்ளும்.