விடையை மட்டும் போடாதீர்கள், வழியையும் சொல்லுங்கள்

கட்டம் நிரம்பிவிட்டால் குறுக்கெழுத்து முடிந்தது என்பவர்களோடு எனக்குத் தீராத வழக்கு உண்டு. நேரடியாகப் பொருள் கேட்கும் புதிருக்கு அது சரியாக இருக்கலாம். சங்கேதக் குறுக்கெழுத்தில் குறிப்பின் மேற்பொருள் ஒரு பக்கம் இழுக்கும், விடை வேறு பக்கம் ஒளிந்திருக்கும். அங்கே ஒவ்வோர் எழுத்தும் எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தெரிந்தால்தான் புதிரை அவிழ்த்ததாக நான் ஒப்புக்கொள்வேன்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் புலன (வாட்ஸ்அப்) குழுவை அண்மையில் ஒரு குறிப்பு திணறடித்தது:

"முழுதும் எரியாத தணலை அடுத்த நிலத்துக்கு ஆள் சேர்த்தவர் (4)"

படித்தவுடன் காட்டை எரித்து ரப்பர் நட்ட காலம் கண்முன் வருகிறது. அந்தக் காட்சியிலேயே நின்றுவிட்டால் விடை கிடைக்காது. ஒரு தம்பி 'கங்காணி' என்று போட்டார். சரியான விடைதான். ஆள் சேர்த்தவர், நான்கு எழுத்து, வேறு யாராக இருக்க முடியும் என்று ஊகித்திருக்கிறார். அடுத்த குறிப்புக்குப் போகலாம் என்றார். நான் விடவில்லை. தணல் எங்கே? நிலம் எங்கே? 'காணி' என்றால் நிலம் என்று ஓர் ஆசிரியர் எடுத்துக் கொடுத்தார். 'கங்' மட்டும் அந்தரத்தில் நின்றது.

பால்மரம் வெட்டி ஓய்வுபெற்ற அக்காள் ஒருவர் குழுவில் இருக்கிறார். அவர்தான் குரல்பதிவில் சொன்னார்: "விறகடுப்பில் கிடப்பது கங்குதானே, தம்பி. முழுதும் இல்லை என்றால் கடைசி எழுத்தை எடுத்துவிடு."

கங்கில் கடைசி எழுத்துப் போனால் 'கங்'. அதை அடுத்து 'காணி'. இப்போது குறிப்பைத் திரும்பப் படியுங்கள். 'முழுதும் எரியாத' என்பது எழுத்தைக் குறைக்கச் சொல்கிறது. 'அடுத்த' என்பது எது முன்னே, எது பின்னே என்று காட்டுகிறது. வேலையில்லாத சொல் ஒன்றுகூட இல்லை. மேற்பொருளும் பொய்யில்லை. 1938இல் இந்திய அரசு மலாயாவுக்கான ஆள்சேர்ப்பைத் தடுக்கும்வரை நம் பாட்டன்மாரில் பலர் கங்காணியின் பின்னால் கப்பலேறியவர்கள்தாம். இத்தனையையும் ஒரே வரியில் கட்டியவரின் உழைப்பை, விடையை மட்டும் எழுதிவிட்டு நகர்பவர் எப்படி அறிவார்?

விளக்கம் கேட்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. புதிர் அமைத்தவர் நேர்மையானவரா என்பது விளக்கத்தில்தான் தெரியும். விடைக்கு ஒரு சரியான பொருள், அதை எழுத்தெழுத்தாகக் கட்டும் வழி, இவை இரண்டையும் தவிர வேறெதுவும் குறிப்பில் இருக்கக் கூடாது. சிமினிஸ் என்ற புனைபெயரில் ஆங்கிலப் புதிர்களை அமைத்த மாக்நட், 1966இல் வெளியிட்ட நூலில் இந்த நேர்மைக்காகத்தான் வாதாடினார். அழகுக்காக ஒரு சொல்லைச் சும்மா செருகி வைத்து நம்மைச் சுற்றவிடுபவரை நான் மதிப்பதில்லை.

இதெல்லாம் ஆங்கிலேயர் விளையாட்டு, நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் தண்டியலங்காரம் என்ற பழைய அணியிலக்கண நூலில், சொல் விளையாட்டுப் பாடல்களைச் சொல்லும் சித்திரகவிப் பகுதியைப் புரட்டிப் பார்க்க வேண்டும். அங்கே வினாவுத்தரம் என்று ஒன்று வருகிறது. பூமகள் யார்? திரு. போகிறவனை ஏவுவது எப்படி? ஏகு. சரத்துக்குப் பெயர்? அம்பு. அழகுக்குப் பெயர்? அம். சிவன் உவந்து உறையும் இடம் எது? எல்லாவற்றையும் சேர்த்தால் திருவேகம்பம்! 'கங்' என்பதோடு 'காணி' சேர்ந்ததும் இதே முறைதானே. (புணர்ச்சியில் எழுத்து திரிவதைச் செய்யுளில் ரசிக்கிறேன். குறுக்கெழுத்தில் அதை ஏற்கமாட்டேன். கட்டத்துக்கு ஓர் எழுத்து என்ற கணக்கு அங்கே உடைந்துவிடும்.) ஓரெழுத்தாக நீக்கிக்கொண்டே போய்ப் புதுச் சொல் காணும் அக்கரச்சுதகமும் அதே பகுதியில்தான் இருக்கிறது. திருப்பிப் படித்தாலும் மாறாத மாலைமாற்றில் சம்பந்தர் ஒரு பதிகமே பாடியிருக்கிறார்.

அக்கரச்சுதகத்தை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் பாருங்கள்: "தலையிழந்த கோயில், தோட்டத்து வரிசை வீடு (3)". கோயில் என்றால் ஆலயம். தலையெழுத்தை எடுத்தால் லயம். தோட்டம் கைமாறி, கோயிலும் பெயர்ந்து, லயத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடிக்குப் போன குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! அவர்களுக்கு இந்தக் குறிப்பு வெறும் எழுத்து விளையாட்டாக இருக்காது. "குறளில் மூன்று, ரப்பர் மரத்தில் ஒன்று (2)" என்பதும் எனக்குப் பிடித்தது. பால் என்று சட்டென்று வந்துவிடும். வள்ளுவரையும் வெட்டுக்காட்டையும் இரண்டே எழுத்தில் சேர்த்து வைத்திருக்கிறதே!

நம் ஞாயிறு இதழ்களும் தமிழ்ப்பள்ளி மொழிக் கழகங்களும் இந்த வகைப் புதிரைத் துணிந்து கையில் எடுக்க வேண்டும். பிள்ளைகளுக்குக் கடினம் என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. கங்கு, காணி, பால் இவற்றில் எது அரிய சொல்? கடினம் சொல்லில் இல்லை. மேற்பொருளிலிருந்து பார்வையை விலக்குவதில் இருக்கிறது. அது பழகப் பழக வரும். விடைகளை மறுவாரம் வெளியிடும்போது விளக்கத்தையும் சேர்த்தே அச்சிடுங்கள். விளக்கம் இல்லாத விடைப் பட்டியலைப் பார்த்து எந்தப் பிள்ளையும் அடுத்த புதிரை அவிழ்க்கக் கற்றுக்கொள்ளாது.

ஆறாம் ஆண்டு மாணவர்களுக்காக நான் அமைத்த ஒரு குறிப்பை இங்கே தருகிறேன். வீட்டுப் பிள்ளைகளிடம் கேளுங்கள்:

"நெருப்புக்கும் காற்றுக்கும் நடுவே பாட்டு ஒலிக்கும் பண்டிகை (4)"

எந்த எழுத்து எங்கிருந்து வந்தது என்று அவர்கள் சொன்னதைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள்.