"மீள முயற்சி எங்க கிடக்குது, பிள்ளை?"

நேற்றுப் பின்னேரம் நிலாவெளிக் கரையில் வந்த கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

கவிழ்த்துப் போட்டிருந்த வள்ளத்தில் சாய்ந்தபடி பக்கத்து வீட்டு மாமா தன் போனை என்னிடம் நீட்டினார். காசு அனுப்பும் செயலியில் ஐஸ்காரருக்கு 4,500 ரூபாய் அனுப்பியிருக்கிறார். திரையில் "நிலுவையில்" என்று நிற்கிறது. ஐஸ்காரர் காசு வரவில்லை என்கிறார். "உதவியில பார்த்தனான் பிள்ளை. மீள முயற்சியை அழுத்தட்டாம். அது எங்க கிடக்குது?"

எங்கேயும் கிடக்காது. செயலிக்காரர்கள் அந்தப் பட்டனின் பெயரை "மறுபடி அனுப்பு" என்று மாற்றிவிட்டார்கள். மாமா அதைக் கண்டிருக்கிறார், தொடப் பயந்திருக்கிறார். "அதை அழுத்தினா இன்னொருக்கா 4,500 போயிடுமே?" போகாது. காசு இரண்டு தரம் கழியாது என்று உதவியில் தெளிவாக எழுதியிருக்கிறது, ஆனால் பழைய பெயருக்குக் கீழே. அந்த வரியை எழுதியது நான்.

திருகோணமலையில் வீட்டிலிருந்தபடி இந்தச் செயலிக்குத் தமிழ் உதவிப் பக்கங்கள் எழுதிக் கொடுக்கிறேன். எழுதும்போது எனக்குக் காட்டிய திரையில் "மீள முயற்சி" என்றுதான் இருந்தது. வெளியிடுவதற்கு முன் யாரோ மாற்றியிருக்கிறார்கள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. பட்டன் பெயர்கள் எல்லாம் செயலிக்குள் ஒரே கோப்பில்தான் இருக்கின்றன. ஆண்ட்ராய்டில் ஸ்ட்ரிங்ஸ் கோப்பு என்பார்கள், தமிழுக்கென்று தனியாக ஒன்று. உதவிப் பக்கம் பெயரை அந்தக் கோப்பிலிருந்தே எடுத்துக்கொண்டால் இரண்டும் எந்தக் காலத்திலும் பிசகாது. மூன்று தடவை கேட்டுவிட்டேன். "அது டெவலப்பர் வேலை, நீங்கள் டெக்ஸ்ட்டை மட்டும் தாருங்கள்" என்கிறார்கள்.

தந்த டெக்ஸ்ட்டை என்ன செய்தார்கள் என்பதையும் மாமாவின் போனில்தான் பார்த்தேன். பீடிஎஃப்! 210 மில்லிமீட்டர் அகலமான ஏ4 தாளை 70 மில்லிமீட்டர் திரைக்குள் அடைத்திருக்கிறார்கள். 12 புள்ளியில் இருந்த எழுத்து 4 புள்ளியாகச் சுருங்கிவிட்டது. ஐம்பத்தெட்டு வயது மனிதர், கையில் மீன் ஈரம், இரண்டு விரலால் பெருப்பித்து, ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமுமாக இழுத்து வாசிக்கிறார். வரி முடியும்போது தொடக்கம் மறந்துபோகிறது. போன் திரைக்குத் தக்கபடி தானாக மடிந்துவரும் பக்கங்களாகத்தானே நான் எழுதிக் கொடுத்தேன்?

அதுவும் டேட்டா இருந்தால்தான் திறக்கும். கரையில் சிக்னல் ஒரு கோடு வரும், போகும். உதவியைச் செயலிக்குள்ளேயே வையுங்கள் என்றால் செயலி பெருத்துவிடும் என்கிறார்கள். என்ன பெருக்கும்? யூனிகோட் தமிழை யூடிஎஃப்-8 முறையில் வைத்தால் ஓர் எழுத்துக் குறிக்கு 3 பைட். முழு உதவியும் 30,000 குறி. 90 கிலோபைட்! மாமா எடுக்கும் ஒரு மீன் படம் அதைவிடப் பல மடங்கு.

முதல் பதிப்பு இதைவிட மோசம். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய ஒரு பகுதியை யூனிகோடுக்கு மாற்றாமல் அப்படியே ஒட்டி, தமிழ் இருக்கவேண்டிய இடமெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிந்தது. வெளியிடுமுன் தமிழ் தெரிந்த ஒருவர் ஒரு தடவை திறந்து பார்த்திருந்தாலே போதும்.

எந்தத் திரையில் நிற்கிறோமோ அந்தத் திரைக்கான உதவி திறக்கவேண்டும். இது புதிய யோசனையும் அல்ல. 1990இல் வந்த விண்டோஸ் 3.0 காலத்திலேயே விசைப்பலகையில் எஃப்1ஐ அழுத்தினால் உதவி வந்தது. ஒழுங்காகச் செய்த மென்பொருளில் நிற்கும் இடத்துக்குரிய பக்கமே வந்தது, இணையமே இல்லாமல். இன்று "நிலுவையில்" என்ற திரையில் கேள்விக்குறியைத் தொட்டால் முகப்பு அட்டையும் "எம்மைப் பற்றி"யும் வருகின்றன. காசு சிக்கி நிற்கிறவருக்கு உங்கள் முகப்பு அட்டை எதற்கு?

உதவி எழுதுவதைக் கடைசி நாள் வேலையாக நினைக்கிறார்கள். கூப்பிட்டுக் கேட்க ஆள் இல்லாதவருக்கு அந்தப் பக்கம்தான் ஆள். நேற்று நான் பக்கத்தில் நின்றேன், "அழுத்துங்கோ மாமா, ஒண்டும் ஆகாது" என்றேன். அழுத்தினார், போனது. மூதூரிலும் குச்சவெளியிலும் இதே திரையைப் பார்த்துக்கொண்டு பயந்து நிற்கிறவருக்கு யார் சொல்வது?

அடுத்த பதிப்புக்கு அந்தப் பட்டன் கோப்பு என் கைக்கு வரவேண்டும். வராமல் ஒரு வரிகூட எழுதிக் கொடுக்கமாட்டேன் என்று இன்று காலை மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன்.