டாட் டர்பன் வாங்கும் முன்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வொர்த் பகுதிக் கோயில்களும் சங்கங்களும் தங்கள் இணையதளத்துக்கு 'டாட் டர்பன்' (.durban) என்று முடியும் பெயர் எடுக்கலாம் என்கிறது ஒரு கட்டுரை. எடுக்கலாம், 2014 முதல் இருப்பதுதான். ஆனால் தென்னாப்பிரிக்காவின் வழக்கமான டாட் கோ டாட் இசட்ஏ (.co.za) போலில்லை, இணையப் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகான் (ICANN) அமைப்பின் விதிகள் இதற்குப் பொருந்தும். பதிந்ததும் மின்னஞ்சலில் சரிபார்ப்பு இணைப்பு வரும் (பல சமயம் ஸ்பாமில் கிடக்கும்). 15 நாளுக்குள் சொடுக்காவிட்டால் பெயரை முடக்கிவிடுவார்கள். அந்தத் தொடர்பு முகவரி அதே டாட் டர்பனில் இருந்தால் இன்னும் மோசம்: முடங்கியபின் மீட்கும் அஞ்சலே வந்து சேராது. ஜிமெயில் கொடுங்கள். பெயரைச் சங்கத்தின் பேரில் பதியுங்கள், தளம் கட்டித்தரும் தம்பி பேரில் வேண்டாம்.

இன்னொன்று, சில பழைய இணையப் படிவங்கள் மின்னஞ்சல் முகவரியில் கடைசிப் புள்ளிக்குப் பின் நாலெழுத்துக்கு மேல் ஏற்காது. டர்பனுக்கு ஆங்கிலத்தில் ஆறு. 'தவறான முகவரி' என்று சிவப்பில் காட்டும். பழைய மின்னஞ்சலையும் கையில் வையுங்கள்.